சித்தாள் என்று சொன்ன வாய்

இரும்புலியூர் ரத்தினம் மேஸ்திரி கட்டிய வீடுகள் சிட்லபாக்கத்தில் மட்டும் நாற்பத்திரண்டு. செம்பாக்கம், சேலையூர் எல்லாம் சேர்த்தால் நூறைத் தாண்டும். அதில் ஏதாவது ஒரு சுவரில் தலைமயிர் அளவுக்கு விரிசல் விட்டது என்று சொல்ல இதுவரை ஒருத்தன் பிறக்கவில்லை. மூன்றாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இஞ்சினீயர் காகிதத்தில் எழுதிக்கொண்டுவரும் கணக்கை, நின்ற இடத்திலேயே விரலை மடக்கிச் சொல்லிவிடுவான். அப்பன் பாட்டன் வைத்துவிட்டுப் போனது என்று ஒரு பிடி மண் கிடையாது. எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. இதையெல்லாம் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. டீக்கடையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், தானாகக் காதில் விழும்.

ஆனால் முதன்முதலில் சொந்தமாகப் பேசி எடுத்துக் கட்டிய வீட்டைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறக்க மாட்டான். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், இரண்டாவது தெரு. இப்போதும் அந்த வழியாகப் போக வேண்டி வந்தால் மொபெட்டை அடுத்த தெருவில் திருப்பிக்கொண்டு சுற்றிப் போவான். சுவர் எல்லாம் நேராகத்தான் நிற்கிறது. சுவரில் குற்றமில்லை.

அது எண்பத்தாறாம் வருஷம், ஆவணி மாதம். போர்ட்டிகோவுக்கு ரெட் ஆக்சைடு தரை போட்டு, ரத்தினம் முட்டி போட்டு உட்கார்ந்து கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்தான். தரை கண்ணாடி மாதிரி முகம் காட்ட ஆரம்பித்திருந்தது. வீட்டுக்கார அம்மா காந்திமதி படியில் வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கம். புருஷன் சுப்ரமணியன் மத்திய சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டு.

"மேஸ்திரி, வெள்ளிக்கிழமை காலையில பால் காய்ச்சுதோம். உங்க வீட்டுக்காரியோட வந்திரணும்."

"வந்துடறேம்மா."

"ஒத்தையா வந்து நின்னுரக் கூடாது. எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. வீட்டைக் கட்டினவரை ஜோடியா மணையில நிறுத்தி வேட்டி சேலை குடுத்தப்புறம்தான் அடுப்பே பத்த வைப்போம். எங்க சித்தப்பா வீட்டுல கொத்தனார் சம்சாரம் பிரசவத்துக்குப் போயிட்டாளேன்னு மூணு மாசம் தள்ளி வச்சுப் பால் காய்ச்சினாக."

ரத்தினத்தின் கரண்டி நின்றது.

"சேலை எடுத்தாச்சு" என்றார் காந்திமதி. "கிளிப்பச்சை, அரக்குக் கரை. படிச்ச பொண்ணு, கண்ணை உறுத்தாம இருக்கணுமேன்னு நாலு கடை ஏறி இறங்கினேன். ஆமா, டைப் பரீட்சை எழுதிட்டாங்களா?"

"எழுதப் போவுதும்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான் ரத்தினம். தரையில் அவன் முகம் சிவப்பாகத் தெரிந்தது.

அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு சித்தாள் தலையில் கலவைச் சட்டியோடு வந்தாள். சட்டியை இறக்கி அவன் முன்னால் வைத்துவிட்டு, "கலவ போதுங்களா மேஸ்திரி?" என்றாள்.

"நீயும் வந்திரணும் எல்லம்மா" என்றார் காந்திமதி அவளிடம். "உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு. அந்தத் தங்கமான மனுஷனை ஒரு தடவையாவது நான் பாக்கணும்."

"சொல்லிப் பாக்கறேம்மா. வர்றதும் வராததும் அவரு இஷ்டம்."

அவள் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ரத்தினம் நிமிரவில்லை. ஏனென்றால் அந்தச் சித்தாள் எல்லம்மாதான் அவன் பெண்டாட்டி. டைப் படிக்கும் பத்தாங்கிளாஸ் பெண் என்று உலகத்தில் ஒருத்தி கிடையாது.

*

எல்லம்மாவை அவன் முதலில் பார்த்தது குரோம்பேட்டையில், ஒரு மூன்று மாடிக் கட்டட வேலையில். அவன் அப்போது தினக்கூலிக் கொத்தனார். அவள் பம்மலிலிருந்து வந்த சித்தாள். மற்ற பெண்கள் எட்டுச் செங்கல் அடுக்கிக்கொண்டு ஒரு கையால் பிடித்தபடி ஏறுவார்கள். இவள் பன்னிரண்டு செங்கல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு சாரப் பலகையில் ஏறினாள்.

"ஏம்மே, வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று மேலேயிருந்து கேட்டான் ரத்தினம்.

"வுழுந்தா நான் வுழறேன். நீ ஏன்யா பதர்ற? உன் செவுரு சாஞ்சினு போவுது, அத்தப் பாரு."

தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தான். ஒரு நூல் சாய்ந்துதான் இருந்தது. இரண்டு வரிசையைப் பிரித்துத் திரும்பக் கட்டினான். அன்றைக்கே அவன் மனதில் முடிவாகிவிட்டது. அடுத்த வருஷம் கல்யாணம்.

கல்யாணமான கையோடு ஆள் வைத்து வேலை எடுக்க ஆரம்பித்தான். மேஸ்திரி என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் மேஸ்திரி பெண்டாட்டி சட்டி தூக்கினால் மரியாதை என்ன ஆகும் என்று தோன்றியது. எல்லம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினான். அவள் இரும்புலியூர் வீட்டில் நாலு மாதம் சும்மா இருந்தாள். ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"உக்காந்து உக்காந்து காலு ரெண்டும் மரத்துப் பூட்டுது. ஒண்ணு வேலைக்கு வுடு. இல்ல, எங்கனா கூட்டினு போ."

சினிமாவுக்குக் கூட்டிப் போனான். இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். மெரீனாவுக்குக் கூட்டிப் போனான். மணலில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். எல்லம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவங்கள்லாம் இன்னாத்துக்குய்யா உக்காந்துனுகீறாங்க? எதுனா தொலைச்சிட்டாங்களா?"

அன்றைக்கு இரண்டு பேரும் லைட் ஹவுசிலிருந்து துறைமுகம் பக்கம் வரைக்கும் ஈர மணலில் நடந்து, அதே வழியில் திரும்பி வந்தார்கள். வீடு வந்து சேர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த தெளிவை அவன் பல மாதமாகப் பார்த்திருக்கவில்லை. விஷயம் பிடிபட்டுவிட்டது. உடம்பால் உழைத்து வளர்ந்தவர்களுக்கு ஓய்வு என்பது உட்காருவது இல்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விடவில்லை. பல்லாவரம் மலைக்குப் போவார்கள். அடிவாரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிவிட்டு யார் முதலில் உச்சிக்குப் போவது என்று போட்டி. மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு, எதிரே மீனம்பாக்கத்தில் விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்ப்பார்கள். புதுசாகத் திறந்திருந்த வண்டலூர் ஜூவுக்குப் போனால், மற்றவர்கள் மரத்தடி மரத்தடியாக உட்காருவார்கள், இவர்கள் முழுச் சுற்றும் சுற்றி வந்துவிட்டு இன்னொரு சுற்றுக்குக் கிளம்புவார்கள். அங்கே புலி அசையாமல் படுத்துக்கிடந்தது. "இதுவும் எவனோ மேஸ்திரி பொண்டாட்டி போலகீது" என்றாள் எல்லம்மா.

சைக்கிள் கற்றுக்கொடுக்க அவன் மூன்று நாள் ஒதுக்கியிருந்தான். அவள் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டாள். வாடகை சைக்கிள் இரண்டு எடுத்துக்கொண்டு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று உப்புக்காற்று அடிக்கும் இடம் வரைக்கும் மிதிப்பார்கள். சேலையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மூட்டையைப் பழக்க தோஷத்தில் தலையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் போவாள். தோற்றவர் கோலி சோடா வாங்கித் தர வேண்டும். எப்போதும் ரத்தினம்தான் வாங்கினான். நான்தான் விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொள்வான். சும்மா சொல்லக் கூடாது, தாம்பரம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு ஜோடி அந்தக் காலத்தில் கிடையாது.

*

சுப்ரமணியன் சார் வீடு கட்ட ஆள் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு ரத்தினம் போய்ப் பார்த்தது முந்தின வருஷம் கார்த்திகை மாதத்தில். தரையிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் மொத்தமாக அவன் பொறுப்பு. அப்படி ஒரு வேலை அவன் அதுவரை எடுத்ததில்லை. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்கே படித்தாய், யாரிடம் வேலை பழகினாய், குடும்பம் எப்படி என்றெல்லாம் கேட்டார். படிப்பைப் பற்றிக் கேட்டபோது ரத்தினம் பேச்சைச் சிமெண்ட் கணக்குக்குத் திருப்பினான். குடும்பம் என்றதும் அந்தப் பள்ளத்தை நிரப்பத் தோன்றியது.

"சம்சாரம் பத்தாவது பாஸ் சார். டைப்பு கத்துக்குது."

சாருக்கும் அம்மாவுக்கும் முகம் மலர்ந்தது. அடுத்த வாரம் முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. சிட்லபாக்கம் ஏரி தளும்பி நின்றது. ரத்தினமும் எல்லம்மாவும் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு, ஏரியைச் சுற்றி ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். பாதி தூரத்தில் எல்லம்மா சேற்றில் சறுக்கி விழுந்து, எழுந்து, அப்படியும் முந்திக்கொண்டாள். முட்டி வரைக்கும் சேறு. கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. வெறும் கால். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, "எட்றா சோடா" என்று சிரித்தாள்.

கரை மேட்டில் குடையும் கையுமாகச் சுப்ரமணியன் சாரும் காந்திமதி அம்மாவும் நின்றிருந்தார்கள். மனையைப் பார்க்க வந்தவர்கள்.

"என்ன மேஸ்திரி, ஞாயித்துக்கிழமையும் வேலையா?" என்றார் சார். பிறகு எல்லம்மாவைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். "இது யாரு?"

பத்தாவது பாஸ், டைப், எல்லாம் ரத்தினத்துக்கு ஞாபகம் வந்தது.

"நம்ம சைட்டு சித்தாளு சார். அஸ்திவாரத்துக்கு மண்ணு எப்டி கீதுன்னு பாக்க வந்தோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது. எல்லம்மாவின் சிரிப்பு முகத்தில் இருந்த இடத்திலேயே நின்றது. அவனை ஒரே ஒரு தரம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். கச்சத்தை அவிழ்த்துச் சேலையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"ஆமா சார்" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் காந்திமதி. "மனையில புல்லு மண்டிக் கெடக்கு. நாளைக்கு இவளை அனுப்புங்க மேஸ்திரி. வேலைக்குச் சளைக்காதவ மாதிரி தெரியுது."

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். அவனும் தள்ளிக்கொண்டு வந்தான். வழியில் சோடாக் கடை வந்தது. ரத்தினம் நின்றான். அவள் நிற்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் அவள் சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றாள்.

"எங்கமே கெளம்பிட்ட?"

"வேலைக்கு. சித்தாளுன்னு சொன்ன இல்ல."

"வாய் தவறி வந்துட்ச்சி எல்லம்மா. வேலை முடிவாகற நேரம்…"

"நான் இன்னா கேட்டனா? சித்தாளு வேலைக்கு வரணும். நீ மேஸ்திரி, சைக்கிள்ல போ. நான் நடந்து வரேன்."

*

வேலை அவனுக்கே கிடைத்தது. எல்லம்மா எட்டு மாதம் அந்த வீட்டுக்குச் சட்டி தூக்கினாள். சனிக்கிழமை மற்ற சித்தாள்களோடு வரிசையில் நின்று, இரண்டு கையையும் நீட்டி அவனிடம் கூலி வாங்கினாள். வாய்க்கு வாய் மேஸ்திரி என்றாள், வாங்க போங்க என்றாள். வீட்டில் சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

"மலைக்குப் போலாமா?" என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தான்.

"எந்த மேஸ்திரிய்யா சித்தாள மலைக்குக் கூட்டினு போறான்? பாக்கறவன் தப்பா பேசுவான்."

வேலை ஆட்களுக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்காரர்களிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று அவளே கட்டளை போட்டிருந்தாள். வாயைத்தான் கட்டினாள், கண்ணை யார் கட்ட முடியும். பெரிய கொத்தனார் ஜெயவேலு சாரத்தின் மேல் நின்றுகொண்டு குரல் கொடுப்பான்: "மேஸ்திரி, உங்க சித்தாளு கூப்புட்து." கீழே நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுவார்கள். இரண்டு கையால் மேலே வந்தவன், ஒருத்தனையும் திருப்பிக் கேட்க முடியாமல் நின்றான்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காந்திமதி அம்மாவைத்தான் தாங்க முடியவில்லை. அவர் தினமும் பதினொரு மணிக்கு காப்பி கொண்டுவருவார். எல்லம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவார். ஒருநாள் உள்ளே ரத்தினம் சுவர் பூசிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே பேச்சுக் கேட்டது.

"உன் வீட்டுக்காரர் எப்படி எல்லம்மா? குடியா?"

"சேச்சே. அதெல்லாம் கெடியாதும்மா. ஞாயித்துக்கெழம ஆனா எங்கனா கூட்டினு பூடுவாரு. மலை ஏறுவோம். சைக்கிள்ல போவோம். வண்டலூர்ல ரெண்டு சுத்து நடப்போம். எனக்கு சைக்கிளே அவருதான் கத்துக்குடுத்தாரு."

"நெசமாவா? இவுக என்னை இந்த இருபது வருஷத்துல கல்யாண வீட்டுக்கும் எழவு வீட்டுக்கும் தவிர எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. தங்கமான மனுஷன்தான் உனக்கு வாய்ச்சிருக்காரு."

"தங்கந்தாம்மா. வாயத் தொறக்காத வரைக்கும்."

ரத்தினம் பூசிய இடத்தையே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் காந்திமதி அம்மா அவனிடமே வந்து சொன்னார், சாரும் அவரும் பல்லாவரம் மலை ஏறினார்களாம், சார் மூன்று இடத்தில் உட்கார்ந்தாராம், ஆனாலும் விமானத்தைப் பார்த்துக் குழந்தை மாதிரி கை காட்டினாராம். "எல்லாம் அந்த எல்லம்மா புருஷன் புண்ணியம்" என்றார். பொங்கலுக்கு அவளுக்குத் தன்னுடைய பழைய நீலச் சேலை ஒன்றைக் கொடுத்திருந்தார். எல்லம்மா அதைத்தான் வேலைக்கு அடிக்கடி கட்டிக்கொண்டு வந்தாள்.

*

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. காய்ச்சல் என்று சொன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். பரீட்சை என்றாலும் முடியும் வரைக்கும் காத்திருப்பார்கள். ரத்தினம் வெட்கத்தை விட்டு ஜெயவேலுவிடம் யோசனை கேட்டான்.

"மாமியார சாவடிச்சிடு மேஸ்திரி" என்றான் ஜெயவேலு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு. "சாவுத் தீட்டுன்னா எவனும் வான்னு கூப்பிட மாட்டான். தள்ளியும் வெக்க மாட்டான்."

"அந்தம்மா பம்மல்ல குத்துக்கல்லு மாதிரி கீதுடா."

"அவங்களுக்கு இன்னா தெரியும்?"

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "எங்கம்மாள எப்ப எடுக்கறீங்க மேஸ்திரி? முன்னாலயே சொன்னா லீவு போடுவேன்."

ரத்தினம் சாப்பிடாமல் எழுந்து வெளியே போய் நின்றான். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பத்து வருஷத்தில் கொத்தனார், பதினைந்து வருஷத்தில் மேஸ்திரி, அடுத்த வருஷம் சொந்த மனை என்று அவன் போட்டு வைத்திருந்த கணக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஏரிக்கரையில் இடுப்பிலிருந்து கையை எடுத்தாளே, அதுதான் வந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவன் வெள்ளை வேட்டியில் ஒற்றையாகப் போய் நின்றான். ஒரு பொய்யும் தயார் செய்யவில்லை. உண்மையையும் தயார் செய்யவில்லை. வாசலில் மாவிலை. கூடத்தில் சொந்தக்காரர்கள் ஜமக்காளத்தில் நிறைந்திருந்தார்கள். நடுவில் கோலம் போட்ட மணை. தாம்பாளத்தில் வேட்டியும் துண்டும், மேலே கிளிப்பச்சைச் சேலை. பக்கக் கதவு ஓரத்தில் வேலை ஆட்கள் நின்றார்கள். ஜெயவேலு, இரண்டு சித்தாள்கள், அவர்களோடு எல்லம்மா. நீலச் சேலையைத் துவைத்துக் கட்டியிருந்தாள்.

"என்ன மேஸ்திரி, ஒத்தையா வந்திருக்கீங்க?" என்றார் காந்திமதி. பக்கக் கதவைப் பார்த்து, "நீயும் ஒத்தையாத்தான் வந்தியா? உன் வீட்டுக்காரரு எங்க?"

"வந்துகிறாரும்மா" என்றாள் எல்லம்மா. "வாயத் தொறக்கறாரான்னு பாத்துனுகீறேன்."

யாருக்கும் புரியவில்லை. சுப்ரமணியன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழரை வரைக்கும் நல்ல நேரம் இருக்கு. உங்க வீடு இரும்புலியூர்ல எந்தத் தெரு? நானே ஸ்கூட்டர்ல போய் அழைச்சிட்டு வந்திடுறேன். படிக்கிற பொண்ணு, கூச்சமா இருக்கும்."

சொல்லிவிட்டு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். அவ்வளவு பெரிய ஆபீசர், பட்டு வேட்டியோடு, ரத்தினத்தின் பெண்டாட்டியை அழைத்துவரப் படி இறங்குகிறார். ரத்தினம் குறுக்கே போய் நின்றான்.

"வேணாம் சார். அது இங்கதான் கீது."

"எங்க?"

கையைத் தூக்கிக் காட்டினான். கூடத்தில் இருந்த எல்லோரும் பக்கக் கதவுப் பக்கம் திரும்பினார்கள். எல்லம்மாவைத் தாண்டி, அவள் தோளுக்கு மேலாக, வெளியே சந்துப் பக்கம் பார்த்தார்கள். படித்த பெண் ஒருத்தி வந்து நிற்பாள் என்று தேடினார்கள். ஒரு கிழவர் எழுந்து, "கொஞ்சம் விலகி நில்லும்மா, வர்றவங்களுக்கு வழி விடு" என்று எல்லம்மாவிடமே சொன்னார். அவளும் விலகி நின்றாள்.

காட்டிய கை பத்தவில்லை. பேர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"எல்லம்மா சார். அதுதான் என் சம்சாரம். அன்னிக்கி ஏரிக்கரையில சித்தாளுன்னு பொய் சொன்னேன். டைப்பு, பத்தாவது, அதுவும் பொய்தான். அது பள்ளிக்கூடம் போனதில்ல. நானும் மூணாங்கிளாஸோட சரி."

உள்ளே யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் நின்றது. ஜெயவேலு இந்த முறை இருமவில்லை, தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காந்திமதி அம்மா எல்லம்மாவின் நீலச் சேலையைப் பார்த்தார். அப்புறம் தாம்பாளத்தைப் பார்த்தார்.

"உனக்கு நான் பழசைல்லா குடுத்திருக்கேன்" என்றார் மெதுவாக.

"நல்லாத்தாம்மா கீது. கிழிசல் கெடியாது."

பிறகு அம்மா ரத்தினத்தின் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தான். திட்டியிருக்கலாம். "அப்ப அந்தத் தங்கமான மனுஷன் நீங்கதானா?" என்று மட்டும் கேட்டார்.

ரத்தினம் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறான். பதினொரு வயதில், வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி கையால் அடி வாங்கியிருக்கிறான். இந்த ஒரு கேள்விக்கு நின்ற மாதிரி எங்கேயும் நின்றதில்லை.

"வா எல்லம்மா, வந்து மணையில நில்லு" என்றார் அம்மா.

"நான் சித்தாளா வந்தவம்மா."

"நேரம் போகுது. நீ நிக்காம நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்."

எல்லம்மா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். "உங்க வூட்டு அடுப்புக்காவ நிக்கறேன்" என்று சொல்லிக் காலைத் துடைத்துக்கொண்டு வந்து மணையில் ஏறினாள். சின்ன மணை. இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். அவள் இடிக்காமல் ஓரத்தில் நின்றாள். குங்குமம் வைத்தார்கள். தாம்பாளத்தை வாங்கினார்கள். பால் பொங்கியது. எல்லோரும் நல்ல வார்த்தை சொன்னார்கள்.

மணையை விட்டு இறங்கியதும் அவள் நேராகப் போய் வேலை ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டாள். சித்தாள்களுக்கு வைத்திருந்த ரவிக்கைத் துணியையும் வெற்றிலை பாக்கையும் கை நீட்டி வாங்கினாள். "எட்டு மாசம் தூக்கினதுக்கு இது வரணும்" என்றாள். கிளிப்பச்சைச் சேலையை எடுத்து மடிப்புக் கலையாமல் ரத்தினத்தின் கையில் வைத்தாள்.

"படிச்ச பொண்ணுக்கு எடுத்தது. அது வந்தா குடு."

*

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரத்தினம் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, எல்லம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "நான் வண்டலூர் போறேன். வர்றதுன்னா வா" என்றாள். வேட்டியை மாற்றக்கூட நிற்காமல் கிளம்பினான்.

டிக்கெட் ஜன்னலில் கூட்டம். முறை வந்ததும் ரத்தினம் குனிந்து உரக்கச் சொன்னான்.

"ரெண்டு டிக்கெட்டு சார். எனக்கு ஒண்ணு. இது என் சம்சாரம், எல்லம்மா, அதுக்கு ஒண்ணு."

"ரெண்டுன்னா ரெண்டு. யாரா இருந்தா எனக்கின்னா? தள்ளுய்யா" என்றார் உள்ளே இருந்தவர்.

எல்லம்மா சிரித்துவிட்டாள். கார்த்திகையில் ஏரிக்கரையில் நின்ற சிரிப்பு, அடுத்த வருஷம் அந்த ஜன்னலில்தான் திரும்ப வந்தது. ரத்தினத்துக்குச் சிரிக்க வரவில்லை.

பத்து வருஷம் ஆகிறது. இப்போது அவனுக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். எல்லம்மா வேலையை விடவில்லை. கான்கிரீட் போடும் நாளில் கலவையை அவள் பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை மலையோ, ஏரியோ, சைக்கிளோ, ஏதோ ஒன்று நடக்கிறது. சோடாக்காரன், கண்டக்டர், மலைமேல் ஆடு மேய்க்கிறவன், யாரைப் பார்த்தாலும், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே ரத்தினம் சொல்லிவிடுவான்: "இது என் சம்சாரம்."

"போதும்யா" என்பாள் எல்லம்மா, சைக்கிளை மிதித்துக்கொண்டே. "இப்ப யாரு கேட்டா? கேட்டப்பதான் சொல்லல."

கிளிப்பச்சைச் சேலை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம், ஆவணியில், அவனே எடுத்து வெயிலில் காயப்போட்டு, அதே மடிப்பில் மடித்துத் திரும்ப வைக்கிறான்.